பேரேடும் அலமாரியும்: அமெரிக்கத் துப்பாக்கி விற்பனையில் பதிவுகளின் அரசியல்

1. நுண்படச் சுருளில் ஒரு பெயர்

1963 நவம்பர் 22 பிற்பகல், டாலஸ் பள்ளிப் புத்தகக் கிடங்கின் ஆறாம் தளத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு இடையே ஒரு பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி கிடைத்தது. அதில் பொறித்திருந்த தொடர் எண் சி2766. அன்றிரவே எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அந்த எண்ணைப் பின்தொடர்ந்தார்கள். துப்பாக்கி நியூயார்க்கின் மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் வழியாகச் சிகாகோவில் இருந்த கிளைன்ஸ் என்ற கடைக்குப் போயிருந்தது. கடை ஊழியர்கள் நள்ளிரவு தாண்டியும் நுண்படச் சுருள்களை ஓட்டிப் பார்த்து, விடிவதற்குள் அஞ்சல்வழி வந்த கொள்முதல் சீட்டைத் தேடிப் பிடித்தார்கள். வாங்கியவர் ஏ. ஹிடெல், முகவரி டாலஸ் அஞ்சல் பெட்டி எண் 2915, தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர், அனுப்பும் செலவு தனி.

ஹிடெல் என்று ஒருவர் இல்லை. சீட்டில் இருந்த கையெழுத்து லீ ஹார்வி ஆஸ்வால்டுடையது.

ஜான் கென்னடி கொலை வழக்கில் மிக வேகமாகக் கிடைத்த தடயங்களில் ஒன்று இந்தக் கடைச் சீட்டு. ஆனால் அதே சீட்டு, எட்டு மாதங்களுக்கு முன் பொய்ப்பெயரில் ஒருவர் துப்பாக்கி வாங்குவதைத் தடுக்கவில்லை. தடுக்கும் வேலையை அன்றைய சட்டம் அதற்குக் கொடுக்கவும் இல்லை. துப்பாக்கி விற்பனைப் பதிவுகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. விற்பதற்கு முன் வாங்குபவர் யார் என்று அறிவது ஒன்று. குற்றம் நடந்த பின் துப்பாக்கி வந்த வழியைத் தேடுவது மற்றொன்று. அமெரிக்காவில் இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘காகிதம் கூடவேண்டுமா, குறையவேண்டுமா’ என்ற ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. இக்கட்டுரை வேறொரு கேள்வியைக் கேட்கிறது: விற்பனையாளரின் பேரேட்டில் எழுதியிருப்பதும் அவர் அலமாரியில் இருப்பதும் ஒன்றுதானா என்று யார், எப்போது பார்க்கிறார்கள்?

2. பட்டியல் வேண்டாம், பேரேடு இருக்கட்டும்

1938ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம்தான் விற்பனையாளர்களுக்கு உரிமத்தையும் பதிவேட்டையும் முதலில் கட்டாயமாக்கியது. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 1 டாலர். வேட்டைத் துப்பாக்கியைச் சலுகை விலையில் வாங்குவதற்காகவே பலர் உரிமம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சட்டத்துக்குப் பல் முளைத்தது 1968இல், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட ஆண்டில். அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று கையெழுத்தான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் கடந்த அஞ்சல்வழி விற்பனையைத் தடைசெய்தது; இன்னின்னாருக்கு விற்கக்கூடாது என்று வகைப்படுத்தியது; விற்பனையாளரின் பதிவுகளை அரசு வந்து பார்க்கலாம் என்றது.

அதிபர் லிண்டன் ஜான்சன் கேட்டது இதைவிட அதிகம். துப்பாக்கி ஒவ்வொன்றையும் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும், வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் உரிமம் பெறவேண்டும் என்று அவர் விரும்பினார். நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. கையெழுத்திட்ட மேடையிலேயே ஜான்சன் தன் மனக்குறையை வெளிப்படையாகச் சொன்னார். அந்த மறுப்பில் பிறந்த சமரசம்தான் இன்றுவரை நீடிக்கிறது: யார் எந்தத் துப்பாக்கியை வாங்கினார் என்ற தகவல் எழுதப்படும், ஆனால் அது அரசின் கையில் இருக்காது, பல்லாயிரம் கடைகளின் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும்.

சமரசத்தின் இந்த எல்லையை 1978இல் மது, புகையிலை, துப்பாக்கிப் பணியகம் தொட்டுப் பார்த்தது. விற்பனையாளர்கள் காலாண்டுக்கு ஒருமுறை விற்பனை விவரங்களை அனுப்பவேண்டும், அவை கணினியில் ஏறும் என்பது திட்டம். நாடாளுமன்றம் திட்டத்தைத் தடுத்ததோடு நிற்காமல் பணியகத்தின் நிதியிலும் கைவைத்தது. 1982இல் செனட் துணைக்குழு ஒன்று, சிறு பதிவுப் பிழைகளை வைத்துப் பணியகம் விற்பனையாளர்களைத் துன்புறுத்துகிறது என்று கடுமையாக எழுதியது. இவற்றின் தொடர்ச்சியே 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். துப்பாக்கிகளையோ உரிமையாளர்களையோ பதிவுசெய்யும் எந்த மைய அமைப்பும் கூடாது என்று அது எழுத்தில் வடித்தது. ஆணை இல்லாத வழக்கமான ஆய்வு 12 மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது என்றது. தோட்டா விற்பனைக்கான பதிவுகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன.

அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. விற்பனையாளர் தன் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதினால் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, அதே படிவத்தில் வாங்குபவர் பொய் சொன்னால் அது பெருங்குற்றம். 10 ஆண்டுகள் வரை போகலாம். ஒரே தாள், இரண்டு பேனாக்கள், இரண்டு நீதி. இந்தச் சாய்வை நியாயப்படுத்த யாராலும் முடியும் என்று தோன்றவில்லை.

3. கடைக்குள் நடப்பது

உரிமம் பெற்ற கடையில் இரண்டு வகைப் பதிவுகள் உண்டு. ஒன்று, பக்கங்களைக் கிழித்தெடுக்க முடியாதபடி தைத்துக் கட்டிய வரவு–விற்பனைப் பேரேடு. இப்போது பல கடைகளில் கணினி வடிவில் இருக்கிறது. துப்பாக்கி வந்து சேர்ந்தால் மறு வேலைநாள் முடிவதற்குள் தயாரிப்பாளர் பெயர், மாதிரி, தொடர் எண், வகை, குழல் அளவு, அனுப்பியவர் விவரம் ஆகியவற்றை அதில் ஏற்றவேண்டும். விற்றுவிட்டால் ஏழு நாள்களுக்குள் அதே வரியில் வாங்கியவர் விவரம் ஏறவேண்டும். ஆக, விற்பனைப் பத்தி காலியாக இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் கடையில் ஒரு துப்பாக்கி இருந்தாக வேண்டும். எளிய கணக்கு. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

மற்றது 4473ஆம் எண் படிவம். வாங்குபவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியது. பெருங்குற்றத் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவரா, போதைப்பொருள் பயன்படுத்துபவரா என்று கேள்விகள் நீளும். சில மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்துவிட்டதால், மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அது குற்றமே என்ற எச்சரிக்கையும் 2016 முதல் அச்சாகிறது. முதன்மையான கேள்வி வேறு: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? நம் ஊர் நிலப் பத்திரங்களில் பழகிப்போன பினாமி இங்கே துப்பாக்கிக் கடைக்கு வருகிறார். வாங்கத் தகுதியற்றவருக்காகத் தகுதியுள்ள ஒருவர் வந்து கையெழுத்திடுவதுதான் கடத்தலின் பழகிய வழி.

வாங்கச் சொன்னவரும் தகுதியுள்ளவராகவே இருந்தால்? 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அப்ராம்ஸ்கி வழக்கு இதைத்தான் கேட்டது. முன்னாள் காவலர் ஒருவர், காவலர் சலுகை விலையில் மாமாவுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். படிவத்தில் தானே வாங்குபவர் என்று குறித்தார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வாங்கக் கூடியவர்தான். ஆனாலும் குற்றமே என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி எலெனா கேகனின் தர்க்கம் பதிவின் நோக்கத்தைப் பற்றியது: படிவத்தில் இருப்பது பினாமியின் பெயர் என்றால் முன்சோதனையும் வீண், பின்னால் தடம் தேடுவதும் வீண். சட்டம் கல்லாவில் நிற்பவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்றார் மாறுபட்ட நீதிபதி ஸ்காலியா. அப்போதைய அதிபரின் மகனான ஹன்டர் பைடன் 2024 ஜூனில் குற்றவாளி எனத் தீர்ப்பானதும், 2018இல் அதே படிவத்தின் போதைப்பொருள் கேள்விக்கு அளித்த பதிலுக்காகத்தான். டிசம்பரில் தந்தை மன்னிப்பு வழங்கினார்.

படிவம் முடிந்ததும் எஃப்.பி.ஐ.யின் உடனடிப் பின்னணிச் சோதனை. இது 1998 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. மூன்று வேலைநாள்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் விற்கலாம். அனுமதி கிடைத்த சோதனையின் விவரத்தை அரசு 24 மணி நேரத்தில் அழித்துவிட வேண்டும். கடைக்காரரோ படிவத்தைப் பாதுகாத்தாக வேண்டும். முன்பு 20 ஆண்டுகள் போதும் என்று இருந்தது. 2022இல் கொண்டுவந்த விதிப்படி கடை இருக்கும்வரை. அரசு மறக்கக் கடமைப்பட்டிருக்கிறது, கடை நினைவில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

இவற்றுக்கு மேல் சில அறிக்கைகள் உண்டு. ஐந்து வேலைநாள்களுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கிகள் விற்றால் தெரிவிக்க வேண்டும். மெக்சிகோ எல்லையை ஒட்டிய நான்கு மாநிலங்களில் 2011 முதல் சிலவகை நீள்துப்பாக்கிகளுக்கும் இது பொருந்தும். துப்பாக்கி திருடுபோனாலோ காணாமல்போனாலோ, தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் பணியகத்துக்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் சொல்லவேண்டும். ‘தெரியவந்த’ என்ற சொல்லைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

4. கடை மூடினால்

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் தேசியத் தடமறி மையம் இருக்கிறது. நாட்டின் எந்தக் காவல் நிலையம் குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியின் மூலத்தைக் கேட்டாலும் இங்கேதான் கேட்கவேண்டும். இப்போது ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு மேற்பட்ட வேண்டுகோள்கள் வருகின்றன. மையத்தின் ஊழியர்கள் 1963இல் எஃப்.பி.ஐ. செய்ததையே செய்கிறார்கள்: தயாரிப்பாளரைக் கேட்பது, பிறகு மொத்த வியாபாரியை, பிறகு கடையை. கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். கிடைப்பது முதல் வாங்குநரின் பெயர் மட்டுமே. அதற்குப் பிறகு தனியாருக்குள் கைமாறினால் கூட்டாட்சிச் சட்டம் எந்தப் பதிவையும் கேட்பதில்லை.

ராபர்ட் கென்னடியைச் சுட்ட சிறிய கைத்துப்பாக்கியின் கதை இதைத் தெளிவாக்கும். கலிபோர்னியாவில் 1917 முதலே கைத்துப்பாக்கி விற்பனைப் பதிவு கட்டாயம் என்பதால் முதல் வாங்குநரை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். 1965இல் ஒரு முதியவர் வாங்கியது. அவர் மகளுக்குக் கொடுத்தார், மகள் பக்கத்து வீட்டு இளைஞனுக்குக் கொடுத்தார், அவனிடமிருந்து அது சிர்ஹான் சகோதரர்களின் கைக்கு வந்தது. முதல் படிக்குப் பின் ஒவ்வொரு படியையும் போலீசார் வாய்விசாரணையில்தான் ஏறினார்கள்.

கடை மூடிவிட்டால் அதன் பதிவுகள் முழுவதும் மார்ட்டின்ஸ்பர்க் வந்து சேரவேண்டும். பெட்டி பெட்டியாக, சில வேளை நனைந்தும் கருகியும் வருகின்றன. இடம் போதாமல் வாகன நிறுத்துமிடத்தில் சரக்குப் பெட்டகங்களை வைத்து அடுக்கியதும் உண்டு. பணியகமே தந்த கணக்குப்படி 2021 நவம்பரில் இருந்த பதிவுகள் 92 கோடிக்கு மேல். பெரும்பகுதி கணினியில் படமாக ஏறிவிட்டது. ஆனால் வாங்கியவர் பெயரை வைத்துத் தேடும் வசதி திட்டமிட்டே இல்லாமல் செய்யப்பட்டிருக்கிறது. 1986ஆம் ஆண்டுத் தடையை மீறக்கூடாதே! ஊழியர் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் போலத் திரையில் புரட்டுகிறார்.

டெக்சாஸ் பிரதிநிதி மைக்கேல் கிளவுட் போன்றோர் இந்தச் சேகரத்தையே பெயர் மாற்றி வந்த மையப் பதிவேடு என்கிறார்கள். அச்சம் முழுக்கக் கற்பனையும் அல்ல. கணக்காய்வு அலுவலகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, பல துப்பாக்கி விற்பனை அறிக்கைகளில் இருந்த பெயர்களை இரண்டு ஆண்டுகளில் நீக்கவேண்டும் என்ற தன் சொந்தக் கொள்கையைப் பணியகம் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று கண்டது. அதே சமயம், பெயரால் தேட முடியாத 92 கோடிப் பதிவுகளைக் கொண்டு துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வரும் அரசு மிகுந்த பொறுமைசாலியாக இருக்கவேண்டும்.

5. டகோமாவின் 238

2002 அக்டோபரில் வாஷிங்டன் தலைநகரச் சுற்றுவட்டாரத்தில் மறைந்திருந்து சுட்டு 10 பேரைக் கொன்ற இருவரும் அந்த மாதம் 24ஆம் தேதி மேரிலாந்தில், நெடுஞ்சாலையோர நிறுத்தம் ஒன்றில், காரில் தூங்கிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார்கள். காருக்குள் புஷ்மாஸ்டர் நிறுவனத்தின் எக்ஸ்எம்–15 துப்பாக்கி இருந்தது. ஜான் முகமதுவுக்கு எதிராகக் குடும்ப வன்முறைத் தடையாணை இருந்தது. லீ மால்வோ 17 வயதுச் சிறுவன். இருவருமே சட்டப்படி அதை வாங்கியிருக்க முடியாது.

தொடர் எண் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் இருந்த புல்ஸ் ஐ என்ற கடைக்குக் கொண்டுபோய் விட்டது. அன்றைக்குச் சில மாதங்களுக்கு முன்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. விற்றதற்குப் பதிவு இல்லை, 4473 படிவம் இல்லை, திருடுபோனதாகப் புகாரும் இல்லை. பணியகம் கேட்கும்வரை துப்பாக்கி இல்லை என்பதே கடைக்குத் தெரிந்திருக்கவில்லை. தான் கடையிலிருந்து திருடியதாக மால்வோ பின்னர் சொன்னான். ஆய்வில், மூன்று ஆண்டுகளில் கணக்குக் காட்ட முடியாத துப்பாக்கிகள் 238 என்று தெரியவந்தது. 2003இல் உரிமம் பறிபோனது. அதே இடத்தில் வேறொருவர் பெயரில் கடை தொடர்ந்தது. பாதிக்கப்பட்டோர் தொடர்ந்த வழக்கில் 2004இல் கடையும் தயாரிப்பாளரும் சேர்ந்து 25 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நிகழ்வைப் பெரும்பாலோர் ‘பொறுப்பற்ற கடைக்காரர்’ கதையாகவே படிக்கிறார்கள். அது குறைப்பார்வை. 48 மணி நேர விதியை மறுபடி பார்த்தால் ஓட்டை தெரியும். காணாமல்போனது தெரியவந்தால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். எண்ணிப் பார்க்காத கடைக்கு எதுவும் தெரியவராது. எண்ணிப் பார்க்கச் சொல்லும் விதியோ கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. ஆண்டுக்கொருமுறை இருப்புச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் வரைவை 2000ஆம் ஆண்டில் பணியகம் முன்வைத்திருந்தது. அது விதியாகவில்லை. கன்சாஸ் பிரதிநிதி டாட் டியார்ட் பெயரால் அறியப்படும் நிதி ஒதுக்கீட்டுத் திருத்தங்கள் வழியாக 2004 முதல், அப்படியொரு விதியை இயற்றவே பணியகம் பணம் செலவிடக்கூடாது என்றாகியது. டகோமாவின் 238 துப்பாக்கிகள் செய்தியாகி இரண்டாண்டுகூட ஆகாத நேரம் அது.

மளிகைக் கடையும் மருந்துக் கடையும் நிதியாண்டு முடிவில் இருப்பெடுக்கின்றன. துப்பாக்கிக் கடைகளிலும் ஒழுங்கானவை தாமாகவே எடுக்கின்றன. தொழில்துறைச் சங்கங்களும் அதைப் பரிந்துரைக்கின்றன. எடுக்காதவரைத்தான் சட்டம் காப்பாற்றுகிறது.

6. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஆய்வுக்கு வரும் பணியக அதிகாரி பேரேட்டையும் அலமாரியையும் ஒப்பிடத்தான் செய்கிறார். 1972இல் பிஸ்வெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையில்லா ஆய்வுக்கு இசைவும் தந்துவிட்டது. ஆனால் அவர் எப்போது வருவார்? நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2004இல் சொன்ன கணக்கு: 2002ஆம் நிதியாண்டில் ஆய்வுக்கு உள்ளான கடைகள் 4.5 சதவீதம், அந்த வேகத்தில் எல்லாக் கடைகளையும் ஒருமுறை சுற்றிவர 22 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சட்டம் அனுமதிப்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஆள்பலம் அனுமதித்தது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை.

அப்படியானால் எந்தக் கடைக்கு முதலில் போவது? பணியகம் 2000இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை இருந்தது. 1998இல் தடமறியப்பட்ட துப்பாக்கிகளில் 57 சதவீதத்துக்கு மேற்பட்டவை வெறும் 1.2 சதவீத விற்பனையாளர்களிடமிருந்து போனவை. கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள் இந்த எண்ணை ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினார்கள். தொழில்துறையினர் மறுத்தார்கள்: அதிகம் விற்கும் கடையின் துப்பாக்கிகள் அதிகம் சிக்கத்தான் செய்யும்; போலீசார் எதைத் தடமறிய அனுப்புகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும்; தடமறியப்பட்டது என்பதாலேயே குற்றத்துணை ஆகாது. மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. தடமறிதல் தரவு முறையான மாதிரி அல்ல என்பதைப் பணியகமே ஒப்புக்கொள்கிறது. மீதிப் பாதியைச் சோதிக்க, விற்பனை அளவையும் இடத்தையும் கணக்கில் கொண்டு கடைவாரியாகப் பார்க்கவேண்டும். 2003 முதல் டியார்ட் திருத்தம் அந்தத் தரவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எண்ணை நம்பமுடியாது என்று சொன்னவர்களே எண்ணைச் சரிபார்க்கும் வழியையும் அடைத்த விந்தை இது.

மில்வாக்கி நகரில் டேனியல் வெப்ஸ்டர் குழுவினர் செய்த ஆய்வு இந்த இருட்டில் கிடைக்கும் ஒரு கீற்று. செய்தியில் அடிபட்ட ஒரு கடையிலிருந்து ஓராண்டுக்குள் குற்றவாளிகளிடம் போய்ச் சேர்ந்த துப்பாக்கிகள், டியார்ட் திருத்தத்துக்குப் பின் ஏறத்தாழ மும்மடங்கானதை அது காட்டியது. ஒரே ஊர், ஒரே கடை என்பதால் திருத்தமே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் அந்தக் கடையின் வழிவந்த பேட்ஜர் கன்ஸ் கடை மீது, சுடப்பட்டுக் காயமுற்ற இரு காவலர்கள் வழக்குத் தொடர்ந்தபோது ஆவணங்களே பேசின. பினாமியாக வந்தவர் ‘உண்மையில் வாங்குபவர் நீங்களா’ என்ற கேள்விக்கு முதலில் குறித்ததும் பிறகு மாற்றியதும் படிவத்தில் இருந்தன. 2015 அக்டோபரில் நடுவர் குழு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுத நிறுவனங்களைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காப்பாற்றினாலும், தெரிந்தே பொய்ப்பதிவு செய்தவர்களுக்கு அந்தக் கவசம் இல்லை என்றும் சொல்லியிருப்பதால்தான் இத்தகைய வழக்குகள் நிற்கின்றன.

7. மாவட்டப் பெயர் விடுபட்டால்

விற்பனையாளர்களின் குறையையும் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். ஆய்வுகளில் அடிக்கடி சிக்குவது, படிவத்தைச் சரியாக நிரப்பாத குற்றம். வாங்குபவர் தன் மாவட்டப் பெயரை எழுத மறந்தார், தேதியை மாற்றி எழுதினார் என்பது போன்றவையே நிறைய. ஆண்டுக்கு ஆயிரம் படிவங்கள் நிரப்பும் கடையில் பத்திருபது பிழைகள் இருப்பது இயல்பு. 1986 சட்டம் உரிமம் பறிக்க ‘வேண்டுமென்றே’ மீறியிருக்கவேண்டும் என்றது இதனால்தான். கடமை தெரிந்தும் திரும்பத் திரும்ப அலட்சியம் காட்டுவது போதும் என்று நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் கண்டன. பால்டிமோரின் வேலி கன் கடை 2006இல் உரிமம் இழந்தது அந்த அளவுகோலில். அங்கே பிரச்சினை எழுத்துப் பிழை அல்ல, கணக்கில் வராத நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள்.

2021இல் பைடன் அரசு கொண்டுவந்த ‘சகிப்பின்மைக் கொள்கை’ இந்த வேறுபாட்டை மங்கலாக்கியது என்பது தொழில்துறையின் குற்றச்சாட்டு. தகுதியற்றவருக்கு விற்பது, பின்னணிச் சோதனையைத் தவிர்ப்பது, பதிவைப் பொய்யாக்குவது, தடமறி வேண்டுகோளைப் புறக்கணிப்பது, ஆய்வை மறுப்பது ஆகிய ஐந்தில் எது நடந்தாலும் உரிமம் பறிக்க முனைவது அதன் வடிவம். ஐந்துமே கனமானவை, ஆனால் ஓர் ஊழியரின் ஒருநாள் தவறும் ஒரு கடையின் பத்தாண்டுப் பழக்கமும் ஒரே தராசில் ஏறின என்ற புகாரைத் தள்ளிவிட முடியாது. டிரம்ப் அரசு 2025 ஏப்ரலில் அந்தக் கொள்கையை ரத்துசெய்தது.

இரு தரப்பும் மோதிக்கொண்டது படிவத்தின் மீதுதான், அலமாரியின் மீது அல்ல. இருப்புச் சரிபார்ப்பு ஒன்றுதான் இரு தரப்பின் கவலைக்கும் பொருந்திவரக்கூடிய கடமை. அதற்கு வாங்குபவர் பெயர் எதுவும் தேவையில்லை. அரசுக்குப் பட்டியல் எதுவும் போகவேண்டியதில்லை. மாவட்டப் பெயர் விடுபட்டதை அது பொருட்படுத்தாது. விற்பனைப் பத்தி காலியாக உள்ள வரிகளையும் கடையில் உள்ள தொடர் எண்களையும் கடைக்காரரே ஆண்டுக்கு ஒருநாள் உட்கார்ந்து ஒப்பிட்டால் போதும். கொள்கைகள் ஆட்சிக்கு ஆட்சி மாறின. அந்த ஒப்பீட்டைக் கட்டாயமாக்கத் தடைபோடும் வாசகம் மட்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேவைகூட இல்லாதபடி 2013இல் நிரந்தரமாக்கப்பட்டு, சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.